சத்திரம் முதல் காட்டேஜ் வரை

ஊர் குடியிருப்போருக்கு உரியது. ஆயினும் எந்த ஊரும் குடியிருப்போரை மட்டும் கொண்டு வாழ்ந்ததில்லை. வணிகர் வந்தனர், யாத்திரிகர் வந்தனர், வழக்குக்காக வந்தவரும், வைத்தியத்துக்காக வந்தவரும், வெயிலுக்கு அஞ்சி வந்தவரும் உண்டு. அவர்கள் ஓரிரவோ ஈரிரவோ தங்கிச் சென்றனர். அவ்வாறு வருவோரை எங்கே தங்க வைப்பது, எத்தனை நாள் தங்க விடுவது, யார் பொறுப்பில் வைப்பது, என்ன கூலி கேட்பது என்னும் கேள்விகளுக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை கண்டது. அவ்விடைகளையே நாம் விதிகள் என்கிறோம்.

இன்று கொடைக்கானல் போன்ற மலையூர்களில் இக்கேள்வி மீண்டும் எழுந்திருக்கிறது. குடியிருப்பதற்கென்று அனுமதி பெற்றுக் கட்டிய வீடுகள் நாள் வாடகைக்கு விடப்படுகின்றன. அங்கே அவற்றைக் காட்டேஜ் என்றும், வீட்டுக்காரரும் உடன் வாழ்ந்தால் ஹோம்ஸ்டே என்றும் வழங்குகிறார்கள். வெளியூர்க்காரர் கைப்பேசியில் வீட்டைப் பார்த்து, கைப்பேசியிலேயே பணம் செலுத்தி, சாவியைப் பெற்றுக்கொள்கிறார். இதனை அனுமதிப்பதா, தடுப்பதா, வரம்பு கட்டுவதா என்று நகராட்சிகளும் நீதிமன்றங்களும் ஆராய்கின்றன. இது வரலாற்று மாணவருக்குத் தொடர்பில்லாத செய்தி என்று எண்ணிவிட வேண்டா. மதுரைச் சீமையின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தை நோக்கி அமைந்த பேரையூரை நிலைக்களனாகக் கொண்டு பார்த்தால், முந்நூறு ஆண்டுகளாக மாறிவரும் ஒரு நீண்ட வழக்கின் கடைசி ஏடு இது என்பது விளங்கும்.

பேரையூர், நாயக்கர் ஆட்சியில் மதுரையைச் சார்ந்திருந்த 72 பாளையங்களுள் ஒன்று. பாளையங்களைக் கடந்து செல்லும் வழிகளில் அக்காலத்துப் பயணி கால்நடையாகவோ மாட்டு வண்டியிலோ சென்றான். ஒரு நாள் நடைக்கு ஒரு தங்கல் வேண்டும். தங்கலில் நிழலும் கிணறும் வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், தம் பேரனுக்காக மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரோடு சாலைகளும் சத்திரங்களும் பிரிக்க முடியாதபடி இணைந்திருப்பதன் காரணம் இதுவே. மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரால் விளங்கும் சத்திரத்தை நீங்கள் பார்த்திருக்கலாம்.

சத்திரத்தில் வாடகை இல்லை. மானியமாக விடப்பட்ட நிலத்தின் விளைச்சல் அதன் செலவைத் தாங்கியது. அறக்கட்டளை ஏற்படுத்தியவரும் அவர் வழியினரும் வந்தவருக்குப் பொறுப்பாக இருந்தனர். அப்பொறுப்பு எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1801-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியின் ரெசிடெண்டுக்குத் தம் நாட்டுச் சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். வழிப்போக்கருக்கு உணவளிப்பதோடு அவற்றின் கடமை முடிந்துவிடவில்லை என்பது அதனால் தெரிகிறது. நோயுற்றவர் நலம்பெறும் வரை மருத்துவரும் மருந்தும் உண்டு. கருவுற்ற பெண்ணுக்குப் பேறுகாலப் பாதுகாப்பு உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளைக்கு ஆதரவு உண்டு. அங்கேயே உயிர் நீத்தவருக்கு ஈமக்கடன் உண்டு. வந்தவர் எவராயினும், அவர் வாசலை விட்டுப் போகும் வரை அவருக்கு நேர்வதற்கெல்லாம் சத்திரமே பொறுப்பு. இவ்வொன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வரும் எல்லா விதிகளையும் நான் இதைக் கொண்டே அளக்கப் போகிறேன்.

காலம் மாறிற்று. நிலமானியங்கள் கைமாறின, சில சத்திரங்களின் வருமானம் சத்திரத்துக்குச் செல்லாமல் தனியார் கையில் தங்கியது. 1817-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் ஓர் ஒழுங்குவிதி இயற்றியது. அவ்வாண்டின் 7-ஆம் ஒழுங்குவிதி என்று அதனைச் சட்ட நூல்கள் குறிக்கும். கோயில், மசூதி, கல்விச்சாலை முதலியவற்றின் மானியங்களையும், பாலங்கள், சத்திரங்கள் ஆகியவற்றின் பராமரிப்பையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் அது கொண்டுவந்தது. தருமமாக இருந்தது கணக்கு வழக்குக்கு உட்பட்டது. சத்திரத்துக்கு வருபவன் தெரிந்துகொள்ளாத ஒரு மாற்றந்தான். ஆனால் அவனுக்குப் பொறுப்பானவர் யார் என்பது அன்றே மாறிவிட்டது.

இருப்புப் பாதை வந்ததும் இன்னொரு மாற்றம் நேர்ந்தது. 1875-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு இரயில் ஓடத் தொடங்கிற்று. நாள்கணக்கில் நடந்த வழியை மணிக்கணக்கில் கடந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்திறங்கினார்கள். கூட்டத்தோடு காலராவும் வந்தது. அன்னதானத்தோடு நின்ற விதிகள், இனிக் கிணற்றையும் சாக்கடையையும் நோக்கித் திரும்பின. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1867-இல், வட இந்தியச் சராய்களை மனத்தில் கொண்டு இந்திய அரசாங்கம் ஒரு சட்டம் செய்திருந்தது. சராயை நடத்துவோன் அதனைப் பதிவு செய்ய வேண்டும். அறைகளையும் கிணறுகளையும் தூய்மையாக வைக்க வேண்டும். தொற்றுநோய் கண்டால் உடனே அறிவிக்க வேண்டும். காவலாள் வைக்க வேண்டும். கட்டண விவரத்தை எல்லோரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும். இவையே அதன் சாரம். ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நம் நகராட்சிகள் கேட்பவை இவையேயன்றி வேறல்ல என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் இத்தனை விதிகளுள்ளும் ஒரு பெருங்குறை இருந்தது. வந்தவர் எல்லோருக்கும் வாசல் திறந்திருந்ததா? இல்லை. இன்ன சாதிக்கு இன்ன சத்திரம், இன்னாருக்குத் திண்ணை மட்டும், இன்னாருக்கு அதுவும் இல்லை என்னும் நிலை பல ஊர்களில் இருந்தது. அறம் என்று பெயர் பெற்ற ஒன்றுக்குள் இந்த அநீதி நெடுங்காலம் குடியிருந்தது. 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் அரிசனங்களும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த நிகழ்ச்சி நீங்கள் பாடத்தில் படிப்பது. கோயில் வாசலுக்கு நேர்ந்த அந்த மாற்றம் விடுதி வாசலுக்கும் வர வேண்டியிருந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி ஓட்டல்களிலும் உணவு விடுதிகளிலும் எவரையும் தடுக்கலாகாது என்றது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி சென்று, பொதுமக்களுக்கெனத் திறந்துள்ள தருமசாலை, சராய், வழிப்போக்கர் விடுதி ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, தீண்டாமையை முன்னிட்டு அவற்றில் இடம் மறுப்பதைக் குற்றமாக்கியது. தங்கும் இடத்தைப் பற்றி நம் நாட்டில் இதுவரை ஏற்பட்ட விதிகளுள் தலையாயது இதுவே என்பது என் கருத்து.

இனிச் சமவெளியை விட்டு மலைக்கு ஏறுவோம். கொடைக்கானல் இன்று திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1985-இல் அம்மாவட்டம் பிரிக்கப்படும் வரையில் அது மதுரை மாவட்டத்து மலையூராகவே இருந்தது. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிமார் பலர் நோயால் இறந்தனர். எஞ்சியோர் உடல் தேற ஓர் இடம் தேடினர். முதலில் சிறுமலையை நாடினர். அங்கே மலைக்காய்ச்சல் இருந்தது. பின்னர் பழனி மலையின் உச்சிக்குச் சென்று, 1845-இல் இரண்டு பங்களாக்கள் கட்டினர். ஆகவே அந்த ஊரே ஓய்வுக்காக வந்து தங்குவோரால் உண்டானது. அக்காலத்தில் பெரியகுளத்துப் பக்கமிருந்து மலைப் பாதையில் ஏறினார்கள். வசதியுள்ளவரை ஆட்கள் நாற்காலியில் வைத்துச் சுமந்து சென்றார்கள். சுமந்தவர் பெயர் எதுவும் எந்தப் பங்களாவின் வாசலிலும் பொறிக்கப்படவில்லை. 1863-இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு துரை ஓடையைத் தடுத்து ஏரி அமைத்தார். 1899-இல் நகரசபை ஏற்பட்டது.

சிலர் மட்டும் கோடையில் ஏறிச் சில வாரங்கள் தங்கிய வரையில் மலை தாங்கிற்று. மோட்டார் சாலை வந்தது, பேருந்து வந்தது, பிறகு வீட்டுக்கு ஒரு கார் வந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவ்வூரின் மக்கள்தொகை 36,501. அந்த அளவுள்ள ஊருக்கு அமைந்த நீர், சாக்கடை, சாலை ஆகியவற்றை, விடுமுறை நாளில் வந்து குவிவோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஏரியிலிருந்து வழியும் நீரே மலைச்சாலையோரத்தில் வெள்ளி அருவியாக விழுகிறது. மேலே நீரில் கலப்பது மேலேயே நின்றுவிடுவதில்லை. அது கீழே இறங்கி வருகிறது. ஆதலால் மலையூரின் விதிகள் சமவெளியில் வாழும் நமக்கும் உரியவை.

முதலில் வந்த விதிகள் கட்டடத்தைப் பற்றியவை. 1990-இல் தமிழ்நாட்டில் மலைப்பகுதிப் பாதுகாப்புக்கென ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. 1993-இல் கொடைக்கானலுக்கு முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்ன பகுதியில் வீடு, இன்ன பகுதியில் கடையும் விடுதியும், இன்ன பகுதியில் வேளாண்மை என்று நிலத்தைப் பகுத்து வைப்பதே முழுமைத் திட்டத்தின் வேலை. அனுமதியை மீறித் தளத்தின் மேல் தளமாக எழுப்பப்பட்ட ஓட்டல் ஒன்றைப் பற்றிப் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மீறி எழுப்பியதை இடிக்க வேண்டும் என்பதே 1995-இல் கிடைத்த முடிவு. ஊரார் சிலர் கூடி அமைத்த மன்றம் வழக்காடி வென்றது என்பது மாணவர் நினைவில் கொள்ளத்தக்கது.

உயரத்தை அளக்க நூல் உண்டு. ஆனால் வீடு எப்போது விடுதியாகிறது என்பதை எந்த நூலால் அளப்பது? சுவர் அதே சுவர். கூரை அதே கூரை. வாழ்பவர் மாறாமல் இருந்தால் அது வீடு. வெள்ளிக்கிழமை ஒருவரும் ஞாயிற்றுக்கிழமை வேறொருவருமாக மாறினால் அது விடுதி. வீட்டுக்கென அனுமதி பெற்றவர், விடுதிக்கு வேண்டிய தீத்தடுப்பு, கழிவுநீர்த் தொட்டி, வண்டி நிறுத்துமிடம் முதலியவற்றுக்குச் செலவு செய்வதில்லை. விடுதிக்குரிய வரியும் செலுத்துவதில்லை. முறைப்படி அனுமதி பெற்று நடத்தும் விடுதிக்காரருக்கு இதனால் நட்டம். ஊர் வீடுகள் நாள் வாடகைக்குப் போய்விட்டால், ஆசிரியரும் செவிலியரும் கடைச் சிப்பந்தியும் மாத வாடகைக்கு வீடு தேடி அலைவர். மதுரை உயர் நீதிமன்றக் கிளையின் ஆணையைத் தொடர்ந்து 2019-ஆம் ஆண்டில் கொடைக்கானலில் விதிமீறிய கட்டடங்களுக்கு நகராட்சி முத்திரை வைத்தபோது, பல ஆண்டுகளாகப் பாராமல் விட்ட கணக்கு ஒரே நாளில் தீர்க்கப்படுவது போலாயிற்று. வேலை இழந்த சிப்பந்திகளும் உண்டு. கடன் வாங்கிக் கட்டிய சிறு வீட்டுக்காரரும் உண்டு. விதியைக் காலத்தில் நடத்தாமல் விட்டுப் பின்னர் ஒருசேர நடத்தினால், அதன் சுமை எளியவர் தலையிலும் விழும்.

அடுத்து வந்த விதி, ஊருக்குள் வரும் வண்டிகளையே எண்ணத் தொடங்கியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெற வேண்டியதாயிற்று. மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று ஆராயச் சென்னை ஐ.ஐ.டி.யும் பெங்களூர் ஐ.ஐ.எம்.மும் பணிக்கப்பட்டன. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வாரநாளில் 4,000 வண்டிகள், வார இறுதி நாள்களில் 6,000 வண்டிகள் என்று வரம்பு விதிக்கப்பட்டது. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் அவ்வரம்பு இல்லை. வணிகர் பலர் இதனை எதிர்த்தனர். அவர்கள் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வருவோரைக் கொண்டே வாழ்வு நடத்தும் ஊரில் வரவு குறைந்தால் அடுப்பு எரிவது குறையும். ஆனால் தண்ணீர் வறண்டு சாலை அடைபட்ட ஊருக்கு வருவோரும் நெடுநாள் வரமாட்டார்கள்.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதா என்று கேட்பீர்கள். உலகத்தின் பெருநகரங்கள் எல்லாம் இன்று இதே வழக்கை விசாரிக்கின்றன. ஜப்பானில் 2018 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, தனியார் வீட்டை ஆண்டொன்றுக்கு 180 நாளுக்கு மேல் விருந்தினருக்கு விடலாகாது. ஆம்ஸ்டர்டாம் நகரம் 60 இரவு என்றிருந்த வரம்பை 2019-இல் 30 இரவாகக் குறைத்தது. நியூயார்க் நகரம் 2023 செப்டம்பர் முதல் ஒரு கடுமையான விதியை நடத்துகிறது: 30 நாளுக்குக் குறைந்து வீட்டை விடுபவர் நகரத்தில் பதிவு செய்ய வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேற்படலாகாது, வீட்டுக்காரர் அவர்களுடன் அவ்வீட்டிலேயே தங்கியிருக்க வேண்டும். பார்சலோனா நகர மேயர் 2024-இல் ஒருபடி மேலே சென்று, சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் குடியிருப்புகள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவற்றின் உரிமத்தை 2028-க்குள் முடித்துவிடப் போவதாக அறிவித்தார். நம் ஒன்றியச் சுற்றுலா அமைச்சகம் வகுத்த படுக்கையும் காலையுணவும் தரும் வீடுகளுக்கான திட்டத்திலும், வாடகைக்கு விடும் அறைகள் ஆறுக்கு மேற்படலாகாது, உரிமையாளர் குடும்பம் அவ்வீட்டில் வாழ வேண்டும் என்னும் நிபந்தனைகள் உள்ளன.

இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். நாடு வேறு, மொழி வேறு, எண்ணிக்கை வேறு. ஆனாலும் விதி செய்தோர் தேடிய பொருள் ஒன்றே: வந்தவருக்குப் பதில் சொல்ல அங்கே ஒருவர் இருக்க வேண்டும். நோய் கண்டால், தீப்பற்றினால், நள்ளிரவில் அண்டை வீட்டார் வந்து கதவைத் தட்டினால், எழுந்து வர ஒருவர் வேண்டும். சரபோசி மன்னர் கடிதத்தில் சத்திரம் ஏற்றிருந்த பொறுப்பும் அதுவே. சாவியை ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டு, உரிமையாளர் ஓரூரிலும், இடையில் நின்று பணம் பெறும் நிறுவனம் வேறொரு நாட்டிலும் இருந்தால், அப்பொறுப்பு எவரிடம் இருக்கிறது? இதற்கு விடை கிடைக்காத இடத்தில்தான் ஊர் விழித்துக்கொண்டு விதி செய்கிறது.

இறுதியாகப் பேரையூர் வட்டத்துக்கே வருவோம். இவ்வட்டத்துச் சாப்டூர்க் காப்புக்காட்டில் சதுரகிரி மலை இருக்கிறது. சுந்தர மகாலிங்கத்தையும் சந்தன மகாலிங்கத்தையும் வழிபட, ஆடி அமாவாசையில் பெருங்கூட்டம் மலையேறும். சிலர் சாப்டூர் வழியாகவும், மிகப் பலர் வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறை வழியாகவும் செல்வர். முன்னாளில் மலைமேல் இரவு தங்குவதும், மடங்களில் அன்னம் உண்பதும் வழக்கம். 2015 மே மாதத்தில் ஓடைகளில் திடீரென்று வெள்ளம் பெருகிப் பக்தர் சிலர் உயிரிழந்தனர். அதன் பின்னர் இரவில் தங்குவது தடுக்கப்பட்டது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாள்களுக்கே ஏறுவதற்கு அனுமதி என்று வரையறுக்கப்பட்டது. 2021-இல் இக்காடு திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. நாளும் நேரமும் பற்றிய விதிகள் பின்னும் மாறின. சதுரகிரியில் வாடகை இல்லை, காட்டேஜ் இல்லை. வழிபட வருபவரிடம் இலாபம் பெற எவரும் அங்கே கட்டடம் எழுப்பவில்லை. இருந்தும் இரவு தங்க வரம்பு வேண்டியிருந்தது. ஏனெனில் ஓடை பெருகும் இரவில் ஆயிரக்கணக்கானோருக்கு எவராலும் பொறுப்பேற்க இயலாது. பொறுப்பேற்க முடியாத இடத்தில் தங்க விடாமலிருப்பதும் விருந்தோம்பலின் ஒரு பகுதியே என்று எனக்குத் தோன்றுகிறது.

மாணவ நேயர்களே, உங்களுள் சிலர் நாளை நகராட்சி உறுப்பினராகலாம், சிலர் வழக்கறிஞராகலாம், சிலர் மலையூரில் ஒரு வீட்டை உடையவராகலாம். எல்லோரும் எப்போதாவது விருந்தினராக அங்கே செல்வீர்கள். ஒரு விதி உங்கள் முன் வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வந்தவருக்குப் பொறுப்பு யாருடையது? ஊராருக்குத் தண்ணீரும் வீடும் மிஞ்சுகின்றனவா? சாதியாலோ சமயத்தாலோ எவருக்கேனும் வாசல் அடைபடுகிறதா? மூன்றாவது கேள்வியைச் சிறப்பாகச் சொல்கிறேன். பொது விடுதியில் நம் முன்னோர் போராடி நீக்கிய தடை, தனி வீட்டின் பெயரால் பின்வாசல் வழியே திரும்பிவிடக் கூடாது. இம்மூன்றுக்கும் நேரான விடை தரும் விதி எவ்வளவு கண்டிப்பாயினும் நல்ல விதி. விடை தராத விதி எவ்வளவு இனிமையாயினும், அதனை மாற்ற வேண்டிய நாள் வந்தே தீரும்.